முற்றத்திற் கல் பாவுதல்

முற்றத்திற் பாவுதற்குக் கல் தெரிவோர் பெரும்பாலும் அதன் நிறத்தையே நோக்குவர்; நோக்கத்தக்கது அதன் ஆக்கமாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தளமாய் அமைந்தது மயோசீன் காலத்துச் சுண்ணக்கல். இதன் முதன்மைக் கனியமாகிய கல்சைற்று, மோவின் கடினத்தன்மை அளவில் 3ஆம் இடத்தையே பெறும். மேலும், மழைநீர் காபனீரொட்சைட்டைக் கரைத்து மென்னமிலமாகி இக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்கும். நிலாவரைக் கிணறு அத்தகைய கரைவினால் ஆயதே. கிணற்றுக்கு ஆக்கமாயது முற்றத்துக்குக் கேடாயிற்று! இலங்கைத் தீவின் பெரும்பகுதியிற் பரந்துள்ள பழம் பாறைகளினின்று வெட்டப்படும் கருங்கல்லோ அவ்வாறு கரைவதன்று. அதிலுள்ள படிகத்தின் கடினம் 7 ஆகும். ஆதலின், நடமாட்டம் மிக்க வாயிலுக்குக் கருங்கல்லே ஏற்றது.

எனினும், கல்லினும் முக்கியமானது அதனைப் பதிக்கும் முறை. மேல்மண்ணை அகற்றிச் சரளை பரப்பி இறுக்கி, அதன்மேல் மணலிட்டு, நாலடிக்கு ஓரங்குலம் சரிவு வைத்துக் கல்லைப் பதித்தல் வேண்டும். இடுக்குகளைச் சீமெந்தால் அடைப்பதே இன்று பெருவழக்கு. பார்வைக்கு அது செப்பமெனினும், நீருக்குப் பகையாம். ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாக் குடாநாட்டில், உவர்நீரின் மேல் மிதக்கும் நன்னீரை மாரிமழையே புதுப்பிக்கின்றது. முற்றங்கள் யாவும் மூடுண்டால், அம்மழை தெருவழியே கடலுக்குப் போய்விடும், கிணறும் உவர்ப்படையும். ஆகவே, இடுக்குகளை மணலால் நிரப்புதலே தக்கது. கிணற்றடி ஒன்றே இதற்கு விலக்கு; ஆங்கு இடுக்குகளை அடைத்துச் சரிவைப் புறத்தே அமையாவிடின், குளித்த நீர் மீண்டும் கிணற்றையே சேருமன்றோ.