முள் சொல்வதெல்லாம் உண்மையா?

லாரி ஓட்டுநரின் எதிரே உள்ள முகப்புகளில் ஒன்று, இன்ஜின் ஆயிலின் அழுத்தத்தைக் காட்டுவது. அந்த முள் திடீரென்று பூச்சியத்துக்குச் சரிந்தால் எந்த ஓட்டுநரும் வண்டியை ஓரங்கட்டிவிடுவார். ஆனால் கீழே இருக்க வேண்டிய முள் மேலே நின்றுகொண்டிருந்தால்? அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. அபாயம் அங்கேதான் இருக்கிறது என்பதைச் சென்ற கோடையில் திருக்கழுக்குன்றத்தில் ஒரு தேநீர்க்கடை வாசலில் நேரில் கண்டேன்.

செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து மாமல்லபுரம் சிற்பக் கூடங்களுக்குக் கல் ஏற்றிச் செல்லும் பழைய லாரி அது. ஓட்டுநர் எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். "ஏறுங்க சார், நானும் அங்கேதான் போறேன்" என்றார். ஏறி உட்கார்ந்தேன். அவர் சாவியைத் திருப்பினார். இன்ஜின் இன்னும் கிளம்பவில்லை. அதற்குள் ஆயில் முள் எழுந்து 1 கிலோவில் நின்றது.

"அண்ணே, இன்ஜினே ஓடலை. அழுத்தம் எங்கிருந்து வந்தது?"

"அது ரொம்ப நாளா அப்படித்தான் சார். ரோட்டுல மூணு கிலோ காட்டுது, சும்மா ஓடறப்ப ஒன்றரை. போதாதா?"

நீங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் திருகு அளவியைக் கையில் எடுத்ததும் முதலில் என்ன செய்கிறீர்கள்? கம்பியை வைப்பதற்கு முன்பே முனைகளைச் சேர்த்து, சுழிப்பிழை உண்டா என்று பார்க்கிறீர்கள். அந்த லாரியின் முள்ளில் இருந்தது 1 கிலோ சுழிப்பிழை. அப்படியானால் சும்மா ஓடும்போது உண்மையான அழுத்தம் அரைக் கிலோதான்!

ஓட்டுநர்கள் 'கிலோ' என்பது, ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஒரு கிலோகிராம் எடை அழுத்தும் அளவு. மாமல்லபுரம் கடலில் 10 மீட்டர் ஆழத்துக்கு மூழ்கினால், நீர் உங்கள் மேல் ஏற்றும் கூடுதல் அழுத்தம் ஏறத்தாழ அவ்வளவே.

இந்த அழுத்தம் எப்படி உண்டாகிறது? பம்பு ஆயிலைத் தள்ளுகிறது. கிராங்க் தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குகளுக்கும் இடையே உள்ள நூலிழை போன்ற இடைவெளிகள் வழியாக ஆயில் கசிந்து வெளியேறுகிறது. தள்ளுவதற்கும் கசிவதற்கும் நடக்கும் இழுபறியே அழுத்தம். சூடேறினால் ஆயிலின் பாகுநிலை குறைகிறது. அடுப்பில் வைத்த விளக்கெண்ணெய் நீர்போல ஓடுவதைப் பார்த்திருப்பீர்களே. அதனால் காலையில் உயர்ந்திருக்கும் முள் நடுப்பகலில் சற்று இறங்குவது இயல்பு. ஆனால் பேரிங் தேய்ந்தால் நிலைமை வேறு. மற்றவை மாறாதிருந்தால், ஆயில் கசியும் வேகம் இடைவெளியின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். இடைவெளி இருமடங்கானால் கசிவு எட்டு மடங்கு! பம்பினால் ஈடுகொடுக்க முடியாது.

இங்கே ஒரு செய்தி. தண்டைப் பேரிங்கில் உரசாமல் தாங்கி நிற்பது பம்பின் அழுத்தம் என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சுகளின் பேரிங்குகளை ஆராய்ந்து 1883இல் தம் முடிவுகளை வெளியிட்டார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் மேல் துளையிட்டபோது, அதன் வழியே எண்ணெய் பொங்கி வழிந்தது. தக்கையால் அடைத்தார், வெளியே தள்ளிவிட்டது. மரக்கட்டையை அடித்து இறுக்கினார், அதையும் தள்ளிவிட்டது! கடைசியில் ஓர் அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தால், சராசரிச் சுமையைப் போல இருமடங்குக்கும் மேல், அதாவது நம் கணக்கில் 14 கிலோவைத் தாண்டியது. சுழலும் தண்டு எண்ணெயை ஆப்புப்போலத் தனக்கு அடியில் இழுத்துக்கொண்டு, இந்த அழுத்தத்தைத் தானே உண்டாக்குகிறது. 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணிதம் அமைத்தார். பம்பின் வேலை, அந்த ஆப்புக்கு எண்ணெய் தட்டாமல் பார்த்துக்கொள்வதே. வரத்து நின்றால் உலோகமும் உலோகமும் உரசும். சிறிது நேரத்தில் இன்ஜின் இறுகிவிடும்.

சரி, முள்ளுக்கு வருவோம். மிகப் பழைய லாரிகளில் ஒரு மெல்லிய குழாய் இன்ஜினிலிருந்து ஆயிலையே முகப்புவரை கொண்டுவரும். உள்ளே வளைந்த தட்டைக் குழல் ஒன்று இருக்கும். திருவிழாவில் குழந்தைகள் ஊதும் காகிதச் சுருள் பீப்பி ஊதியதும் நீள்கிறதல்லவா? அதுபோல அழுத்தம் ஏறினால் குழலின் வளைவு சற்றே நிமிரும், முள் நகரும். பிரான்சின் யூஜின் போர்டன் 1849இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது.

அடுத்து வந்தது மின்சார வகை. அழுத்தத்துக்கு ஏற்ப மின்தடை மாறும் ஓர் உணர்கருவி கீழே. அதன் வழியாக ஓடும் மின்னோட்டத்தைக் காட்டும் முள் மேலே. பரவலாக உள்ள ஒரு வகையில் அழுத்தம் இல்லாதபோது சுமார் 10 ஓம். முழு அளவில் சுமார் 180 ஓம். 5 கிலோ முகப்பு என்றால் கிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ 35 ஓம். முள்ளுக்குத் தெரிந்ததெல்லாம் ஓம்தான். அந்தத் தடை அழுத்தத்தால் வந்ததா, துருவால் வந்ததா என்று அதற்குத் தெரியாது.

மாமல்லபுரத்தில் துருவுக்கா பஞ்சம்? உப்புக் காற்று கடற்கரைக் கோயிலின் கல்லையே அரிக்கிறது. சவுக்கு மரங்களை அரணாக வளர்த்தும், காகிதக் கூழைப் பூசி உப்பை உறிஞ்சியெடுத்தும் தொல்லியல் துறையினர் அதைக் காத்து வந்திருக்கிறார்கள். ஒரு கம்பி முனை எம்மாத்திரம்!

எர்த்து கெட்டிருக்கிறது என்று நான் சொன்னதும் ஓட்டுநர் ஒரு நல்ல கேள்வி கேட்டார்: "எர்த்து போயிருந்தா செல்ஃபே எடுக்காதே சார்?" உண்மை. இன்ஜினைச் சுழற்றும் மோட்டாருக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேண்டும். முதன்மை எர்த்துப் பட்டையில் ஓர் ஓம் தடை இருந்தாலும் அது அசையாது. ஆகவே பழுது உணர்கருவியின் சொந்த எர்த்தில்தான் இருக்க வேண்டும். இந்த லாரியில் அதிர்வு தாக்காதபடி உணர்கருவியைச் சட்டத்தில் தனியே பொருத்தி, ஒரு கம்பியால் எர்த்து கொடுத்திருந்தார்கள். கம்பியின் முனை பச்சை பூத்திருந்தது. (உணர்கருவியை இன்ஜினிலேயே திருகியிருந்தால் மரையில் சுற்றிய டெஃப்லான் நாடாவும் இதே தொல்லையைத் தரலாம்.)

உணர்கருவியிலிருந்து முகப்புக்குச் செல்லும் கம்பியைக் கழற்றச் சொன்னேன். முள் உச்சிக்குப் போனது. கம்பியை நல்ல இரும்பில் ஒரு கணம் தொட்டதும் பூச்சியத்துக்கு வந்தது. முகப்பும் கம்பியும் நலம் என்று தெரிந்துவிட்டது. வேறு சில வகைகளில் அழுத்தம் ஏறினால் ஓம் குறையும். அவற்றில் இந்தச் சோதனை தலைகீழாக நடக்கும். எர்த்து கெட்டால் முள் இல்லாத குறையைக் காட்டிப் பயமுறுத்தும். உணர்கருவியை மாற்றும்போது வகை பார்க்காமல் வாங்கினால் வம்புதான்.

முனையை உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினோம். சாவியைத் திருப்பினால் முள் பூச்சியத்தில் நின்றது. எச்சரிக்கை விளக்கு எரிந்திருக்க வேண்டும். அந்தப் பல்பு எப்போதோ போய்விட்டிருந்தது. இன்ஜின் சூடாகவே இருந்தது. கிளப்பியதும் முள் அரைக் கிலோவைக்கூட எட்டவில்லை.

ஓட்டுநர் உடனே இன்ஜினை நிறுத்தினார். ஆயில் மட்டம் சரியாகவே இருந்தது. "இப்பதான் சார் பயமா இருக்குது" என்றார்.

கல்லை வேறு வண்டிக்கு மாற்றி, லாரியைக் கட்டி இழுத்துக்கொண்டு செங்கல்பட்டு போனார்கள். மெக்கானிக் உணர்கருவியைக் கழற்றி, அந்த இடத்தில் போர்டன் வகை அளவி ஒன்றைத் திருகி, இன்ஜினைச் சிறிது நேரம் மட்டும் ஓட்டிப் பார்த்தார். அதுவும் அரைக் கிலோவுக்குக் கீழேதான் காட்டியது. அடித்தொட்டியைப் பிரித்தபோது பேரிங்குகளின் மேற்பூச்சு தேய்ந்து, உள்ளிருந்த செம்பு நிறம் தெரிந்தது. கிராங்க் தண்டில் கீறல் இல்லை. பேரிங்குகளையும், மறக்காமல் அந்தப் பல்பையும் மாற்றினார்கள்.