கடைசலுக்குரிய பச்சை மரத்தை வெடிப்பின்றி உலர்த்திச் சேமிக்கும் முறை

நம் குடியானவர்களின் வரப்பிலும் வேலியிலும் வீட்டுக் கொல்லையிலும் வளரும் பூவரசு, வாகை, வேம்பு, மா, வெட்பாலை முதலிய மரங்கள் காற்றில் விழுந்தாலும் வயதாகி வெட்டப்பட்டாலும் பெரும்பாலும் விறகு விலைக்கே போய்விடுகின்றன. கட்டில்கால், தொட்டில்கால், மத்து, பூரிக்கட்டை, செப்புச் சாமான் முதலியவற்றைக் கடையும் தொழிலாளரோ நல்ல மரம் அகப்படவில்லையென்று முறையிடுகின்றனர். கர்நாடகத்துச் சென்னபட்டணத்திலும் ஆந்திரத்து ஏட்டிகொப்பாகாவிலும் அரக்குப் பூசிய பொம்மைகளுக்கு வெட்பாலை மரமே விசேஷமாகக் கொள்ளப்படுகின்றது. அதே மரம் நம் பக்கத்தில் அடுப்பெரிக்கப்படுவதற்குப் பிரதான காரணம், வெட்டிய சில தினங்களுக்குள் அது வெடித்துக் கடைசலுக்கு உதவாமற் போவதேயாகும்.

இதை எழுதும் நானும் இத்தவற்றைச் செய்தவனே. சில வருஷங்களுக்கு முன் ஒரு செய்முறைக் காட்சிக்காக வாகைக் கட்டையொன்றை வாங்கி, விரைவில் உலரட்டும் என்று பங்குனி வெயிலில் களத்துமேட்டில் நிறுத்திவைத்தேன். பத்தாம் நாள் பார்க்கையில் அதன் முனையில் விரல் நுழையுமளவு பிளவு கண்டிருந்தது. அவ்வூர்க் கடைசற்காரர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, மரத்தைக் காயவைக்கலாகாது, ஆறவைக்கவே வேண்டும் என்று சொல்லிப் போனார். அன்று காட்சிக்கு வேறு மரமில்லாமல் நான் வெறுங்கையோடு நின்றேன்.

மரம் ஏன் வெடிக்கின்றது என்பதை அறிந்துகொண்டால் மற்றவையெல்லாம் எளிதில் விளங்கும். பச்சை மரத்திலுள்ள ஈரம் இருவகைப்படும். ஒன்று, மரத்தின் நுண்ணறைகளுக்குள் தேங்கி நிற்பது. மற்றொன்று, அவ்வறைகளின் சுவர்களில் ஊறிக் கிடப்பது. முதலாவது வெளியேறும்போது மரம் எடை குறையுமேயன்றிச் சுருங்குவதில்லை. உலர்ந்த மரத்தின் எடையில் நூற்றுக்கு 30 என்ற அளவிற்கு ஈரம் குறைந்த பின்னரே சுவர்களின் ஈரம் வெளியேறத் தொடங்கி, மரமும் சுருங்கலாகின்றது. அச்சுருக்கமும் எப்பக்கமும் சமமாயிராது. நீளவாட்டில் அது அற்பம். நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுமார் நூற்றுக்கு 4 என்றால், வளையங்களை ஒட்டிய சுற்றுவாட்டில் அதன் இரு மடங்கு, அதாவது சுமார் 8 ஆகும். 10 அங்குல விட்டமுள்ள உருளையின் சுற்றளவு 31 அங்குலத்திற்கு மேலன்றோ? நூற்றுக்கு 4 வீதம் வித்தியாசப்பட்டால் அவ்வுருளை ஒன்றேகால் அங்குலம் வாய்திறக்க நேரிடும். முழு உருளையாகச் சேமித்த மரம் வெடியாதிருத்தல் அரிது என்பது இதனால் விளங்கும்.

அன்றியும், மரத்தின் வெட்டுமுனைகள் பக்கங்களைவிடப் பத்து மடங்குக்கு மேல் வேகமாக ஈரத்தை விடுகின்றன. முனை உலர்ந்து சுருங்க முயல்கையில் உள்ளே மரம் பச்சையாகவே இருப்பதால், முனை கிழிகின்றது. ஆதலால் செய்யவேண்டிய முதற்காரியம் முனைகளை மூடுவதே. அதையும் வெட்டிய அன்றே செய்தல் வேண்டும். உருக்கிய பாரபின் மெழுகு மிகச் சிறந்தது. நெருப்பு மெழுகில் நேராகப் பற்றாதபடி, வெந்நீர்ப் பாத்திரத்தினுள் வைத்தே அதை உருக்குக. மெழுகு இல்லாவிடத்துக் கெட்டியான எண்ணெய் வர்ணம் இரண்டு பூச்சுப் பூசலாம். அதுவும் கிடையாதாயின் சாணியும் செம்மண்ணும் குழைத்து அப்பி, வெடித்த இடங்களில் மறுபடி பூசிவர வேண்டும். இது மெழுகுக்கு ஈடாகாதெனினும் ஒன்றுமில்லாததைவிட மேல். கவையும் கணுவும் உள்ள இடங்களிலும் பூசுதல் நலம்.

அடுத்து, கட்டையை நீளவாட்டில் நடுவே பிளக்க வேண்டும். நட்டநடுவிலுள்ள மிருதுவான சோற்றுப்பகுதி எந்தத் துண்டிலும் தங்கலாகாது. அங்கிருந்தே பிளவு ஆரம்பிக்கின்றது. மேலும் சாமானின் நீளத்திற்குச் சரியாக நறுக்காமல் இருபுறமும் இரண்டிரண்டு அங்குலம் கூடுதலாக விடுக. முனை சற்றே வெடித்தாலும் அதைக் கழித்துவிடலாம்.

தேய்பிறையில் வெட்டிய மரத்தைப் பூச்சி அரிக்காதென்று பெரியோர் சொல்வதுண்டு. திதி பார்ப்பதில் எனக்கு ஆட்சேபணையில்லை. ஆனால் நல்ல திதியில் வெட்டிய மரமும் முனையை மூடாவிட்டால் வெடிக்கவே செய்யும். மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்களில் வெட்டினால், கோடை வருமுன் மரம் நிதானமாக ஈரம் விடும். இதுவே என் அபிப்பிராயத்தில் உகந்த காலம்.

அடுக்குவதற்கு மேற்கு வெயிலும் நேர்க்காற்றும் படாத கொட்டகை வேண்டும். தரையிலிருந்து ஓரடி உயரத்தில் கற்களை வைத்து, அவற்றின்மேல் துண்டுகளைப் பரப்பி, ஒவ்வொரு வரிசைக்குமிடையே ஓரங்குலக் கனமுள்ள குறுக்குக் குச்சிகளை இடுக. மேல்வரிசைக் குச்சி கீழ்வரிசைக் குச்சிக்கு நேர்மேலாக இருத்தல் அவசியம். தவறினால் துண்டுகள் வளையும். உச்சியில் கல்லேற்றி வைக்கலாம். ஓரங்குலக் கனத்திற்கு ஒரு வருஷம் என்பது வழக்கமான கணக்கு. நம் நாட்டு உஷ்ணத்தில் பல மரங்கள் அதற்கு முன்பே ஆறிவிடும். கருவேல், புளி போன்ற கனத்த மரங்களுக்கு மட்டும் அவசரம் கூடாது.

கணக்கை நம்புவதைவிடத் தராசை நம்புவது மேல். அடுக்கிலிருந்து இரண்டு துண்டுகளுக்கு அடையாளமிட்டு, பதினைந்து நாளுக்கொருமுறை நிறுத்து, எடையைச் சுண்ணக்கட்டியால் அதன்மேலேயே எழுதுக. மூன்று முறை தொடர்ந்து எடை மாறாதிருந்தால், சுற்றுப்புறக் காற்றுக்கு ஏற்ற அளவில் மரம் உலர்ந்துவிட்டதென்று கொள்ளலாம்.

கிண்ணம் போன்ற குடைந்த சாமான்களுக்கு மற்றொரு சிறந்த வழியுண்டு. மரம் பச்சையாயிருக்கும்போதே முரட்டுருவாகக் கடைந்து, விட்டத்தில் பத்திலொரு பங்கு கனம் விட்டுவிட வேண்டும்; 10 அங்குலக் கிண்ணத்திற்கு ஓரங்குலம். பின் அதைக் கடைசற் சீவல்களுடன் காகிதப்பையிலோ கோணியிலோ கட்டி நிழலில் வைத்தால், சுவர் மெல்லியதாகையால் ஈரம் சமமாக வெளியேறும். சில மாதங்களில் அது சற்று நீள்வட்டமாகக் கோணினும் வெடிப்பது குறைவு. மறுபடி கடைந்து வட்டமாக்கிக்கொள்ளலாம். பிளாஸ்டிக் உறையில் இறுகக் கட்டிவைத்தால் பூஞ்சணம் பிடித்துவிடும்.

மா, வெட்பாலை முதலிய வெளிர்நிற மரங்களில் வெடிப்பைவிடக் கறையே விரோதி. ஈரம் நூற்றுக்கு 20-க்கு மேலிருக்குமளவும் பூஞ்சணம் பரவக்கூடுமாகையால், இவற்றைச் சீக்கிரம் அறுத்துக் காற்றோட்டமாக அடுக்க வேண்டும். வெளிமரத்திலுள்ள மாவுச்சத்தைத் தேடித் துளைக்கும் வண்டுகளைத் தடுக்க வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த நீரில் தோய்ப்பதுண்டு. உணவுப் பாத்திரத்திற்கும் குழந்தைகள் வாயில் வைக்கும் சாமானுக்கும் அது வேண்டாம். உடனே அறுக்க வசதியில்லாதவர்கள் கட்டையைக் குளத்தில் முழுதும் அமிழ்த்தி வைக்கும் பழைய வழக்கத்தைக் கைக்கொள்ளலாம். நீருள் கிடக்கும் மரம் வெடிக்காது. மாவுச்சத்தும் கரைந்து குறைகின்றது. பாதி மிதந்தால் மிதக்கும் பாகம் கெடும்.

கிராம அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் திரள்திரளாக மரங்களைச் சாய்த்தபோது, அவற்றை அப்புறப்படுத்துவதே பெரும்பாடாயிற்று. சாதாரண காலத்திலுங்கூடப் புறம்போக்கில் விழுந்த மரம் ஏலம் போகும்வரை வெயிலில் கிடப்பதை நான் பலவிடங்களில் கண்டிருக்கிறேன். உத்தரவு வருமுன் மரத்தை அறுத்தல் கூடாதுதான். முறிந்த முனையில் சாணிக்குழம்பு பூசி, மேலே தென்னங்கீற்றுப் பரப்புவதற்கு எவ்விதத் தடையுமில்லை. அரைநாட் கூலிக்குள் அடங்கும் வேலை அது. சொந்த நிலத்து மரமாயினும், வெட்டவும் ஏற்றிச்செல்லவும் அனுமதி தேவைப்படும் இனமா என்று கிராம நிர்வாக அலுவலரிடமோ வனத்துறையினரிடமோ முன்கூட்டியே விசாரித்துக்கொள்க. அத்துடன் அருகிலுள்ள கடைசற்காரரிடம் அவருக்கு வேண்டிய நீளமும் கனமும் கேட்டுக்கொண்டு வாளை எடுப்பது உத்தமம். மெழுகை மட்டும் முதல்நாளே வாங்கி வைத்துவிடுக.