சொல்லும் நெறியும் – 17
தோரா: ஒரு சொல், பல பெயர்கள்

தாம்பரத்தை அடுத்த படப்பை போன்ற ஊர்களில், சீர்திருத்தச் சபை ஆலயத்தின் வேதபாடத்தில் 'நியாயப்பிரமாணம்' என்று ஒலிக்கும் சொல், கத்தோலிக்கக் கோவிலின் வாசகத்தில் 'திருச்சட்டம்' என்றாகிறது. பள்ளிவாசலின் மார்க்க உரையில் மூஸா நபிக்கு அருளப்பட்ட வேதம் 'தவ்ராத்' எனப்படுகிறது. இம்மூன்றுக்கும் பின்னால் நிற்பது 'தோரா' என்ற எபிரேயச் சொல். அது தமிழுக்கு வந்த வழியைப் பார்த்தால், 'சட்டம்' என்ற ஒற்றைப் பொருளில் அது அடங்காது என்பது விளங்கும்.

எறிதல், அம்பு எய்தல் என்ற பொருளுடைய 'யாரா' என்ற வினையோடு அறிஞர்கள் இச்சொல்லைப் பொதுவாக இணைக்கின்றனர். அவ்வினையின் பிறவினை வடிவத்துக்குச் சுட்டிக்காட்டுதல், கற்பித்தல் என்பன பொருள். ஆசிரியரைக் குறிக்கும் 'மோரே' என்ற சொல்லும் அதே வேரைச் சேர்ந்தது. ஆகவே தோரா என்பதன் அடிப்படைப் பொருள் போதனை, வழிகாட்டல் என்பதாகும். விதியைக் குறிக்க 'ஹோக்', தீர்ப்பைக் குறிக்க 'மிஷ்பாத்', கட்டளையைக் குறிக்க 'மிட்சுவா' என எபிரேயத்தில் தனித்தனிச் சொற்கள் இருப்பதும் இதற்குத் துணை நிற்கிறது.

காலப்போக்கில் இச்சொல் பல அடுக்குகளாக விரிந்தது. லேவியராகமத்தில் ஒவ்வொரு பலியையும் செலுத்தும் முறைக்கே தோரா என்று பெயர். பிறகு அது மோசேயின் ஐந்து நூல்களுக்கும், விரிந்த பொருளில் எபிரேய மறைநூல் முழுமைக்கும் பெயராயிற்று. எழுதப்பட்ட தோராவோடு வாய்மொழித் தோரா ஒன்றும் உண்டு என்பது யூத சமய ஆசிரியர்களான ரபிகளின் கொள்கை. அந்த மரபு, கி.பி. 200 அளவில் யூதா ஹநாசி தொகுத்த மிஷ்னாவிலும், அதன்மேல் எழுந்த விவாதங்களைத் திரட்டிய தல்மூதிலும் நூல்வடிவம் பெற்றது. ஐந்நூல்களில் 613 கட்டளைகள் உள்ளன என்பது மரபுவழிக் கணக்கு. ஆனால் உலகப் படைப்பும், ஆபிரகாமின் பயணமும், எகிப்திலிருந்து பெற்ற விடுதலையும் அதே நூல்களில்தான் சொல்லப்படுகின்றன.

ஒரு பொருளாகக் கையில் ஏந்தத்தக்க தோராவும் உண்டு. தூய்மையானதாகக் கொள்ளப்படும் விலங்கின் தோலைப் பதப்படுத்தி, இறகுப் பேனாவால் உயிர்க்குறிகள் இன்றி எழுதி, தோல் ஏடுகளைத் தசைநாரால் தைத்துச் சேர்த்த அச்சுருளில் 304,805 எழுத்துகள் உள்ளன என்று மரபு எண்ணி வைத்திருக்கிறது. வாசிப்பவர் தோலை விரலால் தொடுவதில்லை. 'யத்', அதாவது 'கை' என்று பெயர் பெற்ற, நுனியில் சுட்டுவிரல் நீட்டிய கோலால் வரியைச் சுட்டிக்கொண்டே செல்கிறார். தமிழகத்துக்கு அருகில், கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட பரதேசி ஜெபஆலயத்தில் இத்தகைய சுருள்களும் அவற்றுக்குச் சூட்டும் பொன் முடிகளும் உள்ளன. சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் ஏறத்தாழ கி.பி. 1000இல் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு வழங்கிய வட்டெழுத்துச் செப்பேடுகள் காக்கப்பட்டதும் அவ்வாலயத்திலேயே.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் தொடங்கிய கிரேக்க மொழிபெயர்ப்பு, தோராவை 'நோமோஸ்' என்று பெயர்த்தது. இலத்தீன் அதை 'லெக்ஸ்' ஆக்கியது. இரண்டும் சட்டத்தைக் குறிப்பவை என்பதால், ஐரோப்பிய மொழிகளில் அப்பொருளே நிலைத்தது. தமிழில் 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு தொடங்கி, சென்னை வேப்பேரியில் உழைத்த பப்ரிசியுஸ் வழியாக, ஹென்றி பவர் தலைமையில் 1871இல் நிறைவேறிய திருத்தம் வரை வளர்ந்த மொழிபெயர்ப்பு மரபு, இவ்விடத்தில் நுட்பமாக நடந்துகொண்டது. அம்மரபின் பழைய வேதாகமத்தில், பலிமுறையைச் சொல்லும் லேவியராகமத்தில் தோரா 'பிரமாணம்'; யோசுவாவின் முதல் அதிகாரத்தில் 'நியாயப்பிரமாணம்'; முதலாம் சங்கீதத்தில் 'வேதம்'. நீதிமொழிகளின் முதல் அதிகாரத்தில் தாய் மகனுக்குத் தரும் தோரா 'போதகம்'. தாய் சொல்வதைச் சட்டம் என்று பெயர்க்க அம்மொழிபெயர்ப்பாளர்களின் தமிழ் இடம் தரவில்லை.

ஆதியாகமம், யாத்திராகமம், லேவியராகமம், எண்ணாகமம், உபாகமம் என்று ஐந்நூல்களுக்கும் 'ஆகமம்' என்ற இந்திய மரபுச் சொல்லையே அவர்கள் ஈற்றில் வைத்தனர். 1995இல் வெளிவந்த திருவிவிலியம், ஐந்தாம் நூலை 'இணைச் சட்டம்' என்றும், முதலாம் திருப்பாடலில் தோராவைத் 'திருச்சட்டம்' என்றும் பெயர்த்தது. அது தெளிவான தமிழ். எனினும் போதனை என்ற அடிப்படைப் பொருள் அதில் பின்னுக்குப் போகிறது.

யூதர்களின் சமயச் சட்டத்தைக் குறிக்கும் 'ஹலாகா' என்ற சொல்லும் நடத்தல் என்னும் வினையிலிருந்தே பிறந்தது. 'ஒழுகு' என்பதிலிருந்து 'ஒழுக்கம்' பிறந்ததைப் போன்றது அது. ஆறு என்றால் வழி. ஒருவரை உரிய வழியில் செலுத்துவதைத் தமிழ் 'ஆற்றுப்படுத்துதல்' என்கிறது. தோராவின் வேர்ப்பொருளுக்கு மிக நெருங்கிய தமிழ்ச் சொல் அதுவே. நியாயப்பிரமாணம் என்றோ திருச்சட்டம் என்றோ வாசிக்கும் ஒவ்வொரு முறையும், அச்சொல்லுக்குள் வழிகாட்டும் ஒரு கை இருப்பதைத் தமிழ் வாசகர் நினைவில் கொள்ள வேண்டும்.

(தொடரும்)