கொல்லிமலைத் தேன்மெழுகும் நமது நாணயமும்

கொல்லிமலைச் சரக்கு என்றால் மிளகு, காப்பி, அன்னாசி, பலா, சாமை, தேன் என்று நம் வணிகர்கள் வரிசையாகச் சொல்லிவிடுவார்கள். தேன்மெழுகு யார் நினைவுக்கும் வருவதில்லை. பாரபின் மெழுகு மலிவாகக் கிடைக்கத் தொடங்கியபின் கேட்பாரும் குறைந்தனர், இருப்பு வைப்பாரும் குறைந்தனர். ஆனால் கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலைச் சிற்பிகளுக்கு இந்தச் சரக்கு இன்றும் தேவை. நாங்கள் மலையில் வாங்கி அவர்களுக்கு அனுப்பி வருவதால், தெரிந்ததை இங்கே எழுதுகிறோம்.

சிலை முதலில் மெழுகில்தான் உருவாகிறது. தேன்மெழுகுடன் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, அந்தக் கலவையில் உருவம் செய்வார்கள். மேலே காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்துச் சூடேற்றினால் மெழுகு உருகி வெளியேறும். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். பிறகு மண்ணை உடைத்தால்தான் சிலை கண்ணில் படும். ஒரு அச்சுக்கு ஒரே சிலை. மெழுகில் குறை இருந்தால் பல நாள் உழைப்பு மண்ணோடு போகும்.

நமக்குப் புரியும் எடைக் கணக்கும் இதில் உண்டு. 1 கிலோ தேன்மெழுகு உருவத்துக்கு ஏறக்குறைய 9 கிலோ வெண்கலம் பிடிக்கும். பாரபின் அதைவிட இலேசானது. தெரியாமல் கலந்திருந்தால் எடை பார்த்துப் போட்ட உலோகக் கணக்கு இடிக்கும்.

பாரபின் ஒன்றும் தீண்டத்தகாத பொருள் அல்ல. வேலைக்கேற்ப அதைச் சேர்த்துக்கொள்ளும் சிற்பிகளும் உண்டு. எவ்வளவு சேர்ப்பது என்பது அவர்கள் கை அறிந்த விஷயம். நாம் முன்பே கலந்துவிட்டுச் சொல்லாமல் விற்றால் அவர்கள் பக்குவம் கெடுகிறது. அதுதான் குற்றம்.

இனி கொள்முதல். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சோளக்காடு. சித்திரை முதல் ஆனி வரை தேன் வரத்து இருக்கும். மெழுகும் அதை ஒட்டியே வரும். மலைத்தேனீயின் அடையில் மெழுகு அதிகம். கொசுத்தேனீயின் மெழுகு கறுத்து, பிசினோடு ஒட்டும். அது இந்த வேலைக்கு ஆகாது. அடையைப் பிழிந்தபின் தண்ணீரில் மெல்லச் சூடாக்கி, துணியில் வடிகட்டி உறையவிட வேண்டும். இரும்புச் சட்டியில் காய்ச்சினால் நிறம் கறுக்கும். அலுமினியப் பாத்திரம் நல்லது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் இருந்துவிட்டுப் பிறகு விலையைக் குறைப்பது அழகல்ல.

தேனும் மெழுகும் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் சிறு வன விளைபொருள்களாகக் குறிக்கப்பட்டவை. எடுத்து வரும் மலையாளி மக்களிடமோ அவர்கள் சங்கத்திடமோ நேரடியாக வாங்கி, பற்றுச்சீட்டு வைத்துக்கொள்வது நமக்குப் பாதுகாப்பு.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் சமவெளியிலிருந்து ஒரு வியாபாரி 40 கிலோ அனுப்பினார். மஞ்சள் நிறம், தேன் வாசனை, எல்லாம் சரி. உடைத்துப் பார்த்தோம். நல்ல தேன்மெழுகு உடைந்த இடத்தில் மங்கலாக, பொடிப்பொடியாகத் தெரியும். இது வழவழவென்று இருந்தது. கையில் பிசைந்தால் பிசுக்கு ஒட்டியது. மறு லாரியில் திருப்பி அனுப்பினோம். அவருக்கு எங்கள் மேல் இன்றும் கோபம்தான்.

சிறிதளவு கலப்பைக் கையும் மூக்கும் கண்டுபிடிக்காது. பெரிய கொள்முதல் என்றால் ஆய்வுக்கூடத்துக்கு மாதிரி அனுப்புங்கள். அப்போது ஒன்றை மறக்க வேண்டாம். நம் நாட்டுத் தேனீக்களின் மெழுகில் அமில எண் ஐரோப்பியத் தேனீ மெழுகைவிடக் குறைவு. வெளிநாட்டு வியாபாரத்தில் இதைக் கெட்டா மெழுகு என்று தனியாகவே பிரிப்பார்கள். இந்தியத் தேனீயின் மெழுகு என்று எழுதி அனுப்பாவிட்டால், மலையிலிருந்து வந்த சுத்தமான சரக்கையே கலப்படம் என்று சந்தேகிக்க நேரலாம்.