அ, ஆவுக்கு முன்னால் டிபன் பாக்ஸ்

ஜூன் நெருங்கினால் எல்.கே.ஜி. ஆசிரியையான என்னிடம் பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: "டீச்சர், அ, ஆ எழுதப் பழக்கணுமா?" வேண்டாம், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பிள்ளை தன் வேலையைத் தானே செய்யப் பழக்குங்கள்.

பசித்த நேரத்தில் டிபன் பாக்ஸ் மூடி திறக்கவில்லை என்றால் பிள்ளைக்கு அழுகை வந்துவிடும். மே மாதமே வீட்டில் அதே டப்பாவில் தயிர்சாதம் போட்டுக் கொடுங்கள். திறக்கட்டும், சிந்தினாலும் தானே சாப்பிடட்டும். பட்டன் வேண்டாம், எலாஸ்டிக் வைத்த கால்சட்டை போதும். "ஒன்னுக்கு வருது டீச்சர்" என்று கூச்சமில்லாமல் கேட்கவும், கை கழுவவும் சொல்லிக்கொடுங்கள். விடுமுறையில் எட்டு மணிவரை தூங்கும் பிள்ளையைத் தினமும் பத்து நிமிடம் முன்னதாக எழுப்பி வாருங்கள்.

அருகில் அங்கன்வாடி இருந்தால் இரண்டு வயது முதலே அனுப்பலாம். 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின்கீழ் நடக்கும் அந்த மையங்களில் சத்துணவோடு பாட்டு, கதை, விளையாட்டும் உண்டு. பிரிந்திருக்கப் பிள்ளை அங்கேயே பழகிவிடும்.

"சேட்டை பண்ணினா டீச்சர் அடிப்பாங்க" என்று மிரட்டாதீர்கள். நாங்கள் அணைப்பதற்கு முன்பே அந்தப் பயம் வந்து நின்றுவிடுகிறது. முதல் நாள் கண்ணில் படாமல் நழுவவும் வேண்டாம். "மணி அடிச்சதும் அம்மா கேட்டுக்கிட்ட நிப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். சொன்ன நேரத்துக்கு வந்து நில்லுங்கள். பிள்ளைக்குப் பள்ளிமேல் நம்பிக்கை வருவது அதிலிருந்துதான்.