தீவைக் காட்டி ஓட்டுக் கேட்கும் வித்தை



எதிரணித் தலைவர் என்ன சொல்லிட்டுப் போனாரு? வாக்காளரை மயக்குறது பொய்ப் பிரசாரம்தான்னு அடிச்சுச் சொன்னாரு. ஐயா, செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் வாங்குற ஊரு எங்க ராமேஸ்வரம். முழுப் பொய்யை அங்க விக்க முடியாது! (சிரிப்பு) எங்க ஆளு ஏமாறுறது பாதி உண்மையில.

கச்சத்தீவை எடுத்துக்குங்க. மொத்தமே 285 ஏக்கர். குடிக்கத் தண்ணி கிடையாது. ஒரு அந்தோணியார் கோயில், வருஷத்துக்கு ஒரு திருவிழா, அவ்வளவுதான். 1974-இல் இந்திரா காந்தி அம்மையாரும் சிறிமாவோ பண்டாரநாயக்கா அம்மையாரும் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் அது இலங்கைக்குப் போனது. இது உண்மை. ஆனால் அதன் பிறகு தேர்தல் வந்தாலே கூடவே தீவும் மிதந்து வந்துடுது!

2024 மார்ச் 31 அன்று, தமிழ்நாட்டில் வாக்குப்பதிவுக்கு 19 நாள் இருக்கும்போது, பிரதமர் மோடி அதை எழுப்பினார். காங்கிரஸும் தி.மு.க.வும்தான் காரணம்னு ஒரு பக்கம். பத்து வருஷமா நீங்க ஏன் மீட்கலைன்னு மறுபக்கம். 2025 ஏப்ரல் 2-இல் சட்டசபையில் தீர்மானமும் வந்தது. எல்லாரும் பேசுனது ஒரே கேள்வியை: கொடுத்தது யாரு?

இதுதாங்க வித்தை. கடலளவு சிக்கலுக்குத் தீவளவு காரணத்தைக் காட்டுறது. ஒரு வில்லனைக் காட்டிட்டா ஜனங்க வேற எதையும் கேக்க மாட்டாங்க.

சொல்லாமல் விட்ட பாதி என்ன? 1974 ஒப்பந்தத்தில் நம் மீனவரும் யாத்திரிகரும் விசா இல்லாமல் தீவுக்குப் போய்வர இடமிருந்தது. எல்லை தாண்டி மீன்பிடிக்கக் கூடாது என்று கதவை மூடியது 1976 கடிதப் பரிமாற்றம். இன்னைக்குப் பிடிபடுற விசைப்படகுகள்ல பல, தீவையும் தாண்டி நெடுந்தீவு, தலைமன்னார் பக்கம் போனவை. அங்கே வலை அறுந்து நிக்கிறவனும் தமிழ் மீனவன்தான். இழுவைமடியை இலங்கை 2017-இல் சட்டம் போட்டே தடுத்துவிட்டது.

அதே 2017-இல் ராமேஸ்வரத்துலயே ஆழ்கடல் படகுத் திட்டம் தொடங்குனாங்க. ஒரு படகு 80 லட்சம், 70 சதவீதம் மானியம், இலக்கு 2,000 படகு. இலக்குக்குப் பக்கத்துலகூடப் போகலை. மிச்சப் பணத்தை எங்க புரட்டுறது, சூரை பிடிக்க யாரு பழக்குறது? இதை எந்தச் சுவரொட்டியிலாவது பார்த்தீங்களா? மானியக் கணக்குக்குக் கைதட்டு விழாதுங்க. தீவுக்கு விழும்! (கைதட்டல்)

தங்கச்சிமடத்துல ஒரு தாய் நிக்கிறா. மகன் யாழ்ப்பாணச் சிறையில. வேன்ல வந்தவருகிட்ட, "ஐயா, படகு எப்ப வரும், புள்ளை எப்ப வருவான்?"னு கேக்குறா. அவரு மைக்கைப் பிடிச்சு 1974-லேருந்து ஆரம்பிக்கிறாரு.

மணி அடிச்சிட்டீங்க நடுவரே, உட்காந்துக்கிறேன்.