உண்ணி மாட்டு மேல மட்டும் இல்லை, தொழுவத்திலும் இருக்கு!



குழுவில் கடன் எடுத்து மாடும் ஆடும் வாங்கியிருக்கிறோம். பால் ஊற்றிய காசில்தான் மாதத் தவணை கட்டுகிறோம். ஆனால் மாட்டின் காது, மடி, வாலடியைப் பார்த்தால் கொத்துக்கொத்தாக உண்ணி. வாசலில் படுத்திருக்கும் நாய்க்கும் அதே கதைதான்.

"பருத்திக்கு அடிச்ச மருந்து மிச்சம் இருக்கு, அதையே தடவிடலாம்" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இதை மட்டும் செய்யவே கூடாது. பயிர் மருந்து தோல் வழியாக உடம்பில் இறங்கும். மாடு நக்கும்போது வயிற்றுக்கும் போகும். மாடு செத்தால் கடன் மட்டும்தான் மிஞ்சும்.

உண்ணியால் என்ன கெடுதல்?

ரத்தத்தை உறிஞ்சுவதால் மாடு மெலியும், பால் குறையும். தைலேரியா, பபேசியா போன்ற நோய்களையும் உண்ணி பரப்பும். கலப்பின மாடுகளை இவை அதிகம் தாக்கும். விடாத காய்ச்சல், நெறி கட்டுதல், காபி நிறத்தில் மூத்திரம் ஆகியவை கண்டால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மருந்து போட்டும் ஏன் திரும்ப வருது?

ரத்தம் குடித்துப் பெருத்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் குப்பை அடியிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். குஞ்சுகள் மறுபடி மாட்டில் ஏறும். ஆகவே தொழுவத்தையும் சேர்த்துக் கவனித்தால்தான் பலன் கிடைக்கும்.

நாம் செய்ய வேண்டியவை:

1. சாணி, மிச்சத் தீவனத்தைத் தினமும் அள்ளிவிடுங்கள். சுவர் வெடிப்பை மண்ணோ சிமெண்டோ வைத்துப் பூசி, சுண்ணாம்பு அடியுங்கள்.

2. நாய் படுக்கும் சாக்கைக் கொதிக்கும் தண்ணீரில் அலசி, வெயிலில் காயப்போடுங்கள். தெள்ளுப்பூச்சியும் ஒழியும்.

3. உண்ணியை வெறுங்கையால் நசுக்காதீர்கள். துணியைச் சுற்றிப் பிடித்து இழுத்து, சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.

4. மாட்டுக்கு மூலிகைக் கரைசல்: பூண்டு 10 பல், வசம்பு 10 கிராம், மஞ்சள்தூள் 20 கிராம், வேப்பிலை, வேப்பம்பழம், துளசி, உண்ணிச்செடி இலை தலா ஒரு கைப்பிடி. எல்லாம் அரைத்து 1 லிட்டர் தண்ணீரில் கலந்து வடிகட்டி, வெயில் நேரத்தில் மாட்டின் உடம்பிலும் தொழுவ இடுக்குகளிலும் தெளியுங்கள். உண்ணி தீரும் வரை வாரம் ஒருமுறை செய்யுங்கள். உண்ணிச்செடி விஷம், மாடு தின்ன விடக்கூடாது.

5. கடை மருந்து தேவைப்பட்டால் மருத்துவர் சொன்ன மருந்தை, சொன்ன அளவில் மட்டும் போடுங்கள். கறந்த பாலை எத்தனை நாள் பயன்படுத்தக் கூடாது என்றும் கேளுங்கள். நாய்க்கும் மாட்டுக்கும் உள்ள மருந்தைப் பூனைக்குப் போட்டால் உயிருக்கே ஆபத்து. வயலுக்கு மருந்து அடித்த ஸ்பிரேயரையும் தொழுவத்துக்குக் கொண்டுவராதீர்கள்.

தவறிப்போய் பயிர் மருந்து பட்டுவிட்டால்?

வாயில் நுரை, நடுக்கம், தள்ளாட்டம் தெரிந்தால் தாமதிக்காதீர்கள். கையில் உறை போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீரால் உடம்பை நன்றாகக் கழுவிவிட்டு மருத்துவரை அழையுங்கள். மருந்துப் பாட்டிலையும் காட்டுங்கள். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கால்நடை மருத்துவ ஊர்தி வரும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். மூலிகைக் கரைசலுக்கென்று குழுவுக்குப் பொதுவாக ஒரு ஸ்பிரேயர் வாங்கத் தீர்மானம் போடலாமே!